வெள்ளிக்கிழமை மதியத்தின் முதல் தோல்

விளக்க ஆவணம் எழுதுவது என்றால் எனக்கு வேப்பங்காய். நிரல் எழுதச் சொல்லுங்கள், சாப்பாட்டை மறந்து எழுதுவேன். எழுதியதை நாலு பேருக்குப் புரிகிற மாதிரி விளக்கச் சொன்னால், வீட்டில் துவரம்பருப்பு தீர்ந்துபோனது சட்டென்று ஞாபகத்துக்கு வந்துவிடும். அப்படிப்பட்ட நான் எழுதிய ஒரே உருப்படியான ஆவணத்தைப் பற்றித்தான் இது. அதை என்னிடம் திணித்தவர்கள், திட்டித் திருத்தியவர்கள் எல்லோருக்கும் நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

சத்துவாச்சாரியில் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு மாடியில் எங்கள் கம்பெனி இருக்கிறது. தோலின் பரப்பை அளக்கும் மெஷின் செய்கிறோம். பதப்படுத்தி முடித்த தோலை ஒரு பக்கம் விட்டால் உருளைகள் இழுத்துக்கொண்டு போகும். மேலே இருக்கும் கேமரா அதைக் கீற்றுக் கீற்றாகப் படம் எடுக்கும். மறுபக்கம் வெளியே வருவதற்குள் அளவு கணக்காகி, தோலின் பின்புறத்தில் முத்திரையாக விழுந்துவிடும். அளவு குறைந்தால் தோலைப் பதப்படுத்தி விற்கும் டேனரிக்காரர் அழுவார், கூடினால் வாங்குகிறவர் அழுவார். இரண்டு பேரும் அழாமல் பார்த்துக்கொள்வது எங்கள் பிழைப்பு.

மெஷினுக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு கம்ப்யூட்டர் பலகை. அதன் சிப்புக்குள் கேமராவுக்கும் நினைவகத்துக்கும் நடுவே தகவல் ஓடும் பாதையைப் பஸ் என்போம். வேலை இல்லாத நேரத்தில் அந்தப் பஸ்ஸின் வேகத்தைக் குறைத்து, வேலை வந்ததும் கூட்டுவதற்கென்றே, கம்ப்யூட்டரின் அடிப்படை மென்பொருளான கெர்னலில் டிரைவர் என்ற ஒரு துணை நிரல் உண்டு. ஆளில்லாத அறையில் ஃபேனைக் குறைத்து வைப்பது போலத்தான். சிப்பு சூடாகாது, மின்சாரமும் மிச்சம். சிப்பு செய்தவர்கள் அந்த டிரைவரை எங்களுக்குக் கொடுத்தபோது கூடவே ஒரு வரி விளக்கம்கூடத் தரவில்லை. அது ஓடியது, நாங்களும் அதைக் கிளறவில்லை.

கெர்னலின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் இந்த டிரைவரை அதில் பொருத்தப் படாத பாடு படுவோம். உலகத்துக்கே பொதுவான கெர்னலில் அதைச் சேர்த்துவிட்டால் தொல்லை விட்டது என்று எங்கள் முதலாளி முடிவு செய்தார். கெர்னலைப் பராமரிக்கிறவர்களுக்கு அனுப்பிப் பார்த்தோம். விளக்க ஆவணம் இல்லாமல் சேர்க்க முடியாது என்று பதில் வந்தது. முதலாளி ஆற்காட்டுக்காரர். நல்லது கெட்டது எதுவானாலும் மக்கன் பேடா டப்பாவோடுதான் வருவார். அன்றைக்கும் ஒரு டப்பாவை என் மேசையில் வைத்தார்.

"ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்துடுங்கம்மா. உங்களை விட்டா யாருக்குத் தெரியும்?"

இனிப்பைத் தின்றுவிட்டதால் மறுக்க முடியவில்லை.

எழுதி அனுப்பினேன். கெர்னல்காரர்களின் மின்னஞ்சல் குழுவில் அதைச் சரிபார்ப்பவர் எந்த நாட்டுக்காரர் என்றுகூட எனக்கு இன்றுவரை தெரியாது. வணக்கம், நலமா என்ற பேச்செல்லாம் அவரிடம் கிடையாது. 'சும்மா இருந்தால் வேகம் குறையும் என்கிறீர்கள். மறுபடி ஏற எத்தனை நேரம் ஆகும்? அதற்குள் வேலை வந்தால் என்ன கெடும்?' அவ்வளவுதான் பதில். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஏறுகிறது, ஏறாமல் எங்கே போகிறது, இதையெல்லாமா கேட்பார்கள் என்று எரிச்சலோடு மடிக்கணினியை மூடிவைத்தேன்.

அதே சமயம் ஆம்பூரில் ஒரு டேனரியிலிருந்து புகார் வந்துகொண்டிருந்தது. எப்போதாவது ஒரு தோலின் அளவு குறைவாக விழுகிறது. பேக்கிங் பக்கம் அளந்து பார்க்கும்போதுதான் தெரிகிறது என்றார்கள். எங்கள் சர்வீஸ் ஆள் போய்ப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. மறுபடியும் போனார். அப்போதும் சரியாகவே இருந்தது. ஆகவே பழி மெஷினில் தோல் விடுகிற பெண்மணியின் மேல் விழுந்தது. பக்கத்துக் கிராமத்திலிருந்து பல வருஷமாக வந்து வேலை செய்பவர். தோலை மடித்து விடுகிறார், கவனமில்லை என்று மேலே இருப்பவர்கள் சொன்னார்கள். மாதம் முடிவதற்குள் காரணம் தெரியாவிட்டால் அவரை நிறுத்திவிடுவதாகப் பேச்சு. அந்த ஷெட்டின் சூப்பர்வைசர் அவருக்காக மன்றாடிக்கொண்டிருந்தார். எனக்குப் போன் செய்ததும் அவர்தான்.

"அந்தம்மா அப்படிப்பட்டவங்க இல்லம்மா. ஆனா ஒரு பேஜார் இன்னான்னா, அளவு கம்மியா வந்த தோலை அவங்களே திருப்பி மெஷின்ல விட்டுக் காட்டுறாங்க. அப்போ சரியா வருது. அப்ப மொதல்ல விட்டதுதானே தப்புன்னு மேனேஜர் கேக்குறார். நான் இன்னா பதில் சொல்றது?"

பாவம், தன்மேல் குற்றம் இல்லை என்று காட்ட அவர் செய்த அந்தக் காரியமே அவர் கழுத்துக்குக் கத்தியாகியிருந்தது.

போனை வைத்தபிறகும் அந்த வார்த்தைகள் என்னை விடவில்லை. முதல் தடவை தப்பு, மறுபடி விட்டால் சரி. சரிபார்ப்பவர் கேட்ட கேள்விக்குப் பக்கத்தில் அது போய் உட்கார்ந்துகொண்டது. ஆபீசில் சோதனைக்கு வைத்திருந்த மெஷினை ஆன் செய்து, ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து ஒரு தோல் துண்டை விட்டேன். அளவு குறைந்தது. அதையே உடனே மறுபடி விட்டேன். சரியாக வந்தது.

டிரைவரைப் பிரித்துப் படித்தபோது விஷயம் விளங்கியது. வேலையில்லாமல் வெகுநேரம் இருந்தால் அது பஸ்ஸின் வேகத்தைப் படிப்படியாக அடிமட்டம் வரை இறக்குகிறது. வேலை வந்ததும் ஒரே தாவலாக ஏற்றுவதில்லை. பழைய ஃபேன் ரெகுலேட்டரைத் திருகுகிற மாதிரி ஒவ்வொரு படியாகத்தான் ஏற்றுகிறது. அதற்குள் கேமரா அனுப்பும் கீற்றுகளில் சில தவறிப்போகின்றன. தவறிய கீற்றுகளின் அளவு தோலிலும் குறைகிறது. அடுத்தடுத்துத் தோல் வரும்போது வேகம் அடிமட்டத்துக்கு இறங்க நேரமே இல்லை, அதனால் தப்பும் இல்லை.

ஆனால் ஆம்பூரில் மெஷின் எப்போது சும்மா இருக்கிறது? சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன்.

"பாய், மெஷின் ஆன்ல இருக்கும், ஆனா தோலே ஓடாது. அப்படி நேரம் உண்டா உங்க ஷெட்டுல?"

"அதெல்லாம் கெடையாதும்மா. சாப்பாட்டு நேரத்துல மொத்த ஷெட்டுக்கும் மெயினை ஆஃப் பண்ணிடுவோம். வந்ததும் ஆன் பண்ணி ஒடனே வேலைதான்."

ஆன் செய்ததும் பஸ் முழு வேகத்தில்தான் தொடங்கும். அப்படியென்றால் அங்கே தப்பு வர வழியே இல்லை. எனக்கு முகம் தொங்கிவிட்டது. எதற்கும் நேரில் வந்து பார்க்கிறேன் என்றேன்.

"தாராளமா வாங்க. வெள்ளிக்கெழம மட்டும் வேணாம். ஜும்மாவுக்குப் போய்டுவோம், மதியம் நாங்க யாரும் இருக்க மாட்டோம்."

"அப்போ மெஷின்கிட்ட யாரு இருப்பாங்க?"

"அந்தம்மா இருப்பாங்க. இன்னும் சில பொம்பளைங்க உக்காந்து கழிவு பிரிச்சிட்டு இருப்பாங்க."

"மெயின்?"

"ஆளுங்க உள்ள இருக்காங்களேம்மா, ஃபேன் லைட் வேணாவா? எப்படி ஆஃப் பண்றது?"

"அப்போ மெஷினும் ஆன்லதான் நிக்கும்" என்றேன். அவர் மெதுவாக, "அல்லாவே" என்றார். தோலைப் பதப்படுத்தி அனுப்பும் ஆண்கள் எல்லோரும் தொழுகைக்குப் போகிற அந்த நேரம்தான் அது. மெஷினுக்குத் தோல் வராது, ஆனால் மின்சாரம் இருக்கும். அந்த நேரத்தில் சூப்பர்வைசரே அங்கு இல்லாததால் அவருக்கும் அது தோன்றவில்லை. மரியாதை கருதி எங்கள் சர்வீஸ் ஆள் ஒரு வெள்ளிக்கிழமைகூட அங்கே போனதில்லை.

அந்த வெள்ளிக்கிழமையே நான் போனேன். ஆண்கள் கைகால் கழுவிக்கொண்டு கிளம்பியதும் ஷெட் அமைதியாகிவிட்டது. அந்தப் பெண்மணி மெஷின் பக்கத்தில் டிபன் டப்பாவைத் திறந்தார். நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, மூடியில் புளிச்சோறு வைத்து நீட்டினார். தன்னை வேலையைவிட்டு அனுப்பக் காரணம் தேடி வந்தவள் என்றுதான் அவர் என்னை நினைத்திருக்க வேண்டும். ஆனாலும் சோறு போட்டார். அதை நான் மறக்கமாட்டேன்.

"நான் மடிச்சு விடல மேடம். என் புள்ளைங்க மேல சத்தியமா. இந்த மெஷின்தான் பொய் சொல்லுது. சொன்னா யாரு கேக்குறா?"

"நான் கேக்கிறேன்க்கா. அதுக்குத்தான் வந்திருக்கேன்."

அவர் நம்பவில்லை. டப்பாவைக் கழுவப் போய்விட்டார்.

ஆண்கள் திரும்பி வந்தார்கள், முதல் தோலும் வந்தது. அவர் அதைக் கைகளால் நன்றாக நீவி, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் உள்ளே விட்டார். விட்ட கையோடு, அளவு காட்டும் திரையைத் திரும்பிப் பார்த்தார். ஒவ்வொரு தோலுக்கும் அப்படித்தான் பார்ப்பார் என்று பிறகு கவனித்தேன். பல வருஷம் தோல் விட்டுப் பழகிய அவருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அளவு குறைந்திருந்தது. அவர் தோலை மறுபடி விட ஓடினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம்க்கா. இனிமே நீங்க எதையும் நிரூபிக்க வேணாம்."

மேனேஜரைக் கூப்பிட்டு நிறுத்தினோம். மெஷினை ஆனில் வைத்துவிட்டு எல்லோரும் டீ குடித்தோம். அப்புறம் ஏற்கெனவே சரியாக அளந்து வைத்த ஒரு தோலை விட்டோம். அளவு குறைவு. பஸ்ஸின் வேகம் ஓர் எல்லைக்குக் கீழே இறங்காதபடி நான் கட்டளை கொடுத்தேன். இன்னொரு டீ. மேனேஜருக்கு டீ பிடிக்காதாம், ஆனாலும் குடித்தார். அதே தோலை மறுபடி விட்டோம். அளவு கச்சிதமாக இருந்தது. மேனேஜர் தலையாட்டிவிட்டுப் போனார். சூப்பர்வைசர்தான் அந்தப் பெண்மணியிடம் வந்து, "மாஃப் பண்ணிடும்மா, எல்லாரும் சேர்ந்து உன்னை ரொம்ப நோகடிச்சிட்டோம்" என்றார். இத்தனை நாள் அவருக்காகப் போராடியதும் மன்னிப்புக் கேட்டதும் அந்த மனுஷன்தான்.

சத்துவாச்சாரிக்கு வந்து டிரைவரைத் திருத்தி, ஆவணத்தையும் புதிதாக எழுதினேன். வேகம் எப்போது இறங்கும், எப்படி ஏறும், ஏறுவதற்குள் என்ன தவறிப்போகும், தவறாமல் இருக்க அடி எல்லையை எங்கே வைக்க வேண்டும், எல்லாவற்றையும் எழுதினேன். இந்தத் தடவை பருப்பு ஞாபகமே வரவில்லை. சரிபார்ப்பவரிடமிருந்து பதில் வந்தது. 'இப்போது நன்றாக இருக்கிறது. இந்தக் குறையை யார் கண்டது? அவர் சம்மதித்தால் பெயரைச் சேருங்கள்.'

கெர்னல் வேலையில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. குறையைத் தெரிவித்தவரின் பெயர் அந்தத் திருத்தத்தின் அடியில் தனி வரியாக இருக்கும். படித்தவரா, என்ன உத்தியோகம் என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. முன்பு நான் திட்டிய அந்த முகம் தெரியாத ஆளுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

அந்தப் பெண்மணியிடம் சம்மதம் கேட்க ஆம்பூருக்குப் போனேன். "என் பேரு எதுக்கு மேடம்? நான் இன்னா கண்டேன்?" என்று அவர் சிரித்தார். மெஷின் பொய் சொல்கிறது என்று முதலில் சொன்னது நீங்கள்தானே என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

ஆவணமும் திருத்தமும் ஏற்கப்பட்டதும் இன்னொரு தடவை போனேன். கையில் முதலாளி கொடுத்தனுப்பிய மக்கன் பேடா. போனில் அந்த வரியைத் திறந்து, தமிழில் படித்துச் சொல்லி, போனை அவர் கையில் கொடுத்தேன். குறையைத் தெரிவித்தவர் என்ற வார்த்தைகளுக்குப் பக்கத்தில் அவருடைய பெயர்.

"இதை யாராச்சும் அழிச்சிட முடியுமா?"

"முடியாதுக்கா. ஒலகம் பூரா இதோட நகல் இருக்கும்."

அவர் போனை என்னிடம் திருப்பித் தரவில்லை. "பாய், இங்க வாங்க. இதைக் கொஞ்சம் படிங்க" என்று கூப்பிட்டார். சூப்பர்வைசர் வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவர் பெயரை எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகப் படித்தார். அதுவரை தோல்கள் மேசையில் காத்துக் கிடந்தன, மெஷினும் ஆனில் சும்மாவே நின்றது.

பிறகு அந்தப் பெண்மணி கையைத் துடைத்துக்கொண்டு ஒரு தோலை எடுத்து, நீவி, உள்ளே விட்டார். அளவு சரியாக விழுந்தது. நான்தான் பார்த்தேன். அவர் திரையின் பக்கம் திரும்பாமல் அடுத்த தோலை எடுத்துக்கொண்டிருந்தார்.