மருந்து ரூமுக்குள் ஒரு போன்

எங்கள் பட்டாசுக் கம்பெனியில் போனை வாசல் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஏன் என்று போர்மேன் வருசா வருசம் சொல்வார்.

"ஏலே, போன் அடிச்சா ரேடியோ அலை வரும். அது வெடி மருந்துல பட்டா பத்திக்கிரும். எல்லாரும் கரிதான்லே."

எனக்கு ரேடியோ என்றால் பாட்டுப் பெட்டி. அதில் வருவது எப்படிப் பற்றும் என்று நான் கேட்கவில்லை. என் மனைவியும் அங்கேதான் வெடிக்குத் திரி சொருகினாள். அவள் முழுசாக நம்பினாள்.

இருமல் முற்றி அவளை விருதுநகர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தீபாவளி சீசன், லீவு கிடையாது. மகள் கூட இருந்தாள். கிளம்பும்போது மனைவியிடம் சொன்னேன்.

"போனை மடியில ஒளிச்சு உள்ள கொண்டு போறேன். ஒண்ணுன்னா அடி."

"கிறுக்கா புடிச்சிருக்கு உங்களுக்கு? அங்கன அடிக்கவா?"

"சத்தம் வராது. நடுங்கத்தான் செய்யும்."

"சத்தமா பத்த வைக்குது? அலைல்ல பத்த வைக்குது!"

இருமிக்கொண்டே சிரித்தாள்.

அன்றைக்கு மடி நடுங்கவே இல்லை. நன்றாக இருக்கிறாள் என்று வேலை பார்த்தேன். மத்தியானம் முதலாளி வந்தார். நான் மருந்து கலக்கும் ரூம் வாசலில் நின்று யாரிடமோ லோடு பற்றிப் போனில் பேசினார். போர்மேன் கைகட்டி நின்றார். ஒன்றும் பற்றவில்லை.

சாயங்காலம் கேட்டைத் தாண்டியதும் போன் நடுங்கியது. மகள்.

"அம்மா போயிருச்சுப்பா."

"எப்ப?"

"மத்தியானமே மூச்சு எளைச்சுச்சு. உங்களைத்தான் கேட்டுச்சு. அடிக்கப் போனேன், போனைப் புடுங்கிக்கிருச்சு. அப்பா மருந்துகிட்ட இருப்பாரு, வேல முடியட்டும்னு தலகாணிக்கு அடியில வச்சுக்கிருச்சு."

பிறகு ஊருக்குச் செல்போன் டவர் வேலைக்கு வந்தவரிடம் கேட்டேன்.

"ரேடியோ அலைன்னா பாட்டு மட்டும் இல்லண்ணே. போன், டிவி, போலீஸ் வாக்கி டாக்கி எல்லாம் அதுலதான் வருது. வெளிச்சம் மாதிரி ஒண்ணுதான், கண்ணுக்குத் தெரியாது. இந்நேரம் உங்க மேலயும் போய்க்கிட்டுத்தான் இருக்கு."

"மருந்துல பட்டா?"

"போன் அலைக்கு அம்புட்டுச் சூடு ஏதுண்ணே? உள்ள இருக்குற பேட்டரி பொறி விட்டாத்தான் ஆபத்து. அதுக்குத்தான் போனை விடுறதில்ல."

அப்படியென்றால் நான் போனை உள்ளே கொண்டுபோனதுதான் ஆபத்து. அவள் அடித்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

இந்த வருசமும் போர்மேன் அந்த ரேடியோ அலையையே சொன்னார். நான் போனைக் கேட்டில் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.

டவர்க்காரர் சொன்னதை மகளிடம் சொல்லவில்லை. வேலை நேரத்தில் அவள் இன்றைக்கும் எனக்கு அடிப்பதில்லை.