அக்கா பார்த்திருந்த இலை முடிச்சுகள்

எங்கள் அக்கா பழனி அடிவாரத்தில், பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்த குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா சீக்கிரமே கண்ணை மூடிவிட, என்னைப் படிக்கவைத்துக் கல்யாணம் முடித்துவைத்ததெல்லாம் அக்காதான். மலைமேல் ஆடலூர்ப் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தார். யாரையும் கடிந்து பேச மாட்டார். ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், சனிக்கிழமைதோறும் அவர் பையோடு வீட்டுக்குள் நுழைந்தாலே எனக்குக் குமட்டும்.

பை நிறைய மரு வந்தது போல வீங்கிய இலைகள் இருக்கும். பூச்சி தங்கிய இடத்தில் செடி வீங்கி, குஞ்சுக்கு வீடும் சோறும் ஆகிவிடுகிறதாம். பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட வீட்டில் அறுத்துப் பார்ப்பார். உள்ளே வெள்ளையாக, ஈரமாக ஏதோ நெளியும். கையைக் கழுவிவிட்டுத்தான் தோசை சுடுவார், ஆனாலும் எனக்கு இறங்காது.

"இந்தக் கருமத்த வெளிய வைக்கக் கூடாதாக்கா?"

"ஏலே, நீ பொறந்தப்ப நாக்குல ஒரசித் தடவுன மாசிக்காயும் பூச்சி கட்டுன வீடுதான். நல்லாத்தான சப்புன?"

அன்று இரண்டு முறை வாய் கொப்பளித்தேன்.

கடைசியில் முடியாமல் எங்கள் வீட்டிலேயே படுத்துவிட்டார். பள்ளிப் பிள்ளைகள் கடுக்காய் மரத்து இலை முடிச்சுகளைப் பஸ்சில் கொடுத்தனுப்பினார்கள். அக்கா அவற்றைப் பாட்டிலில் போட்டு, துணியால் வாய்கட்டி, தலைமாட்டில் வைத்துக்கொண்டார். பூச்சி வெளியே வந்ததும் காட்டுவதாக அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஒருநாள் அவர் தூங்கும்போது, ஒரு முடிச்சு வெடித்து உள்ளே கால்கள் அசைவதைக் கண்டேன். அந்த ஒன்றைச் சாக்கடையில் வீசினேன். மற்றவற்றின்மேல் கொதிக்கிற வெந்நீரை ஊற்றி, துடைத்துக் காயவைத்து, பழையபடி துணி கட்டி வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வந்தார்கள்.

"டீச்சர், பூச்சி வரலீங்களா?" என்றாள் ஒரு சிறுமி.

அக்கா பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன் கண்ணு. வெறும் முடிச்சு போலருக்கு. மன்னிச்சிருங்க" என்றார்.

பக்கத்தில் காபியோடு நின்ற நான் டம்ளர்களைப் பிள்ளைகளிடம் நீட்டினேன். நான்காம் நாள் அக்கா போய்விட்டார்.

ஆஸ்பத்திரிக்கு வண்டி கொடுத்த பக்கத்துக் கடைக்காரருக்கும், முகம் சுளிக்காமல் பணிவிடை செய்த என் மனைவிக்கும், மலையிறங்கி வந்து மாலை போட்ட பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பாட்டில் விஷயத்தை இந்த அஞ்சலிக் குறிப்பில் அச்சுப் போட வேண்டாம் என்று வீட்டில் சொன்னார்கள். புழுவைக் கண்டு அருவருத்த எனக்கு இப்போது என்னைக் கண்டால்தான் அருவருப்பு.

பிள்ளைகளே, உங்கள் டீச்சர் சொன்னதில் தப்பே இல்லை. முடிச்சுக்குள் உயிர் இருந்தது. வெந்நீர் ஊற்றியது நான்.