பூஜை அலமாரிக்குள் போன்

எனக்குக் கோபம் வரும். வந்தால் உடனே வரும், மறைக்கவும் தெரியாது. பதினெட்டு வருஷமாக அடையாறில் ஒரு பள்ளியில் கெமிஸ்ட்ரி எடுக்கிறேன். என் வகுப்பில் மேஜைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு தப்பித்த பிள்ளை கிடையாது. பெற்றோர் கூட்டத்தில் போன் தொல்லை பற்றிப் பேச ஆள் வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கண்டிப்பு இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு முழங்குவேன். அப்படிப்பட்ட என் வீட்டில் நடந்தது இது.

என் பெண் அப்போது பத்தாவது. மயிலாப்பூரில் மாட வீதிக்குப் பின்னால் எங்கள் ஃபிளாட். சாப்பிடும்போது போன், தலை பின்னிவிடும்போது போன், பல் தேய்க்கும்போதுகூட இடது கையில் போன், அதில் ரீல்ஸ். கணக்கில் எப்போதும் முதல் மூன்று இடத்துக்குள் வருகிறவள் பாஸானதே பெரிய விஷயமாகிவிட்டது. கத்தினேன். பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவி இருக்கும் இடத்தை ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டாள். "இன்னொரு தடவை இந்தப் போனால ஏதாவது வம்பு வந்துதோ, நேரா தெப்பக்குளத்துல கொண்டுபோய்ப் போட்டுடுவேன்" என்று நான் போட்ட சத்தம் கீழ்வீடு வரை கேட்டிருக்கும்.

அதற்கப்புறம்தான் அந்த யோசனை வந்தது. சாயங்காலம் விளக்கேற்றியதும் அவள் போன் பூஜை அலமாரிக்குள் போய்விட வேண்டும். மறுநாள் காலையில்தான் வெளியே வரும். சுவாமி அலமாரியில் திருட்டுத்தனமாகக் கைவைக்க எங்கள் வீட்டில் யாருக்கும் துணிச்சல் வராது. பெருமாளை வாட்ச்மேன் ஆக்கிவிட்டாயே என்று என் கணவர் கிண்டல் செய்தார். செய்யட்டும், வேலை நடக்கிறதா இல்லையா என்றேன்.

நடந்தது, மாதத்தில் மூன்று நாள் தவிர. எங்கள் வீட்டுப் பெண்கள் மாதவிலக்காகித் தூரமான நாட்களில் அந்த அலமாரிப் பக்கம் போக மாட்டோம். அப்போது தொட்டுப் புழங்கிய பொருளும் உள்ளே போகாது. கெமிஸ்ட்ரி டீச்சர் இதையெல்லாம் பார்க்கலாமா என்று கேட்கலாம். பழகிவிட்டது, செய்கிறேன். ஆகவே அந்த மூன்று நாள் போன் அவளிடமே இருக்கும்.

ஒரு மாதம், தூரமாகிப் பத்து நாள்கூட ஆகவில்லை, மறுபடியும் தூரம் என்று வந்து நின்றாள். அடுத்த பத்தாம் நாள் இன்னொரு தடவை. முகம் வேறு வெளுத்திருந்தது, சாப்பாடு இறங்கவில்லை. முருங்கைக்கீரை, பீட்ரூட், பேரீச்சம்பழம் என்று திணித்தேன். போனைப் பற்றி எனக்கு ஞாபகமே இல்லை. இரத்தசோகையாக இருக்குமோ, வேறு ஏதாவதோ என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. லீவு போட்டுவிட்டு, ராயப்பேட்டையில் எங்களுக்கு வெகு நாளாகப் பழக்கமான லேடி டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் இரண்டு கேள்வி கேட்டார். அவள் பதில் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. என்னைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார். நான் பெற்ற பெண்ணிடம் எனக்குத் தெரியாமல் என்ன பேச்சு என்று பெஞ்சில் உட்கார்ந்து பொருமினேன். கால் மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார். அவள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"உடம்புக்கு ஒண்ணும் இல்லை. மாசத்துல ஒரு தடவைதான் வருது, மத்ததெல்லாம் போனுக்காகச் சொன்ன பொய். ஏன்னு அவளே சொல்றாளாம். நீங்க நடுவுல பேசக் கூடாது" என்றார் டாக்டர்.

சொன்னாள். படம் வரைகிறவர்கள் சேர்ந்திருக்கும் ஒரு ஆப்பில் அவள் வயதுப் பெண் என்று சொல்லிக்கொண்டு ஒரு ஆள் பழகியிருக்கிறது. நாலு மாதத் தோழமை. கல்யாண வீட்டில் எடுத்த தன் போட்டோவை இவள் அனுப்பியிருக்கிறாள். வந்தது பெண்ணே இல்லை. அந்த முகத்தை அசிங்கமான ஒரு படத்தில் ஒட்டித் திருப்பி அனுப்பி, தான் சொல்லும் நாளில் சாயங்காலம் கூப்பிட்ட உடனே பதில் வராவிட்டால் இது உன் வகுப்பு குரூப்புக்குப் போய்விடும் என்று மிரட்டியிருக்கிறான். விளக்கேற்றும் நேரம்தான் அவன் நேரம். ரீல்ஸ் பைத்தியம் என்று நான் திட்டிக்கொண்டிருந்தபோது, பாதி நேரம் குழந்தை பயத்தில்தான் அந்தப் போனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அந்தப் போனைப் பிடுங்கி எல்லாவற்றையும் அழித்து, அவனுக்கும் நாலு வார்த்தை எழுத வேண்டும் போல இருந்தது. அதற்குள் டாக்டர், அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்று அவளைக் கேட்டார்.

"போனைப் பிடுங்கிண்டு போய்க் குளத்துல போட்டுடுவா. அப்புறம் அவன் யாருக்கு என்ன அனுப்பறான்னு எனக்கு மட்டும் தெரியாமப் போயிடும்" என்றாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது, அதைச் சொல்லிக்கொள்வதில் தப்பில்லை. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். போன் அவள் கையிலேயே இருக்கட்டும் என்று விட்டேன். அன்று எனக்கு அதைவிடக் கஷ்டமான காரியம் இல்லை.

அங்கிருந்து நேராகப் போலீஸுக்குப் போனோம். சைபர் கிரைம் பார்க்கிற பெண் அதிகாரி, எதையும் அழித்துவிட்டோமா என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றதும், "நல்ல வேலை பண்ணே பாப்பா. இதுக்கா தனியா பயந்துகினு இருந்தே? தப்பு பண்ணது அவன், நீ இல்ல" என்றார். அதைக் கேட்டதும் என் பெண் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். இந்த ஒரு வாக்கியம் பதினெட்டு வருஷத்தில் என் மைக்கில் ஒரு தடவைகூட வந்ததில்லை. மெசேஜ் எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, அவன் கணக்கை பிளாக் செய்து, ஆப்பிலும் புகார் போட்டோம். வகுப்பு டீச்சரிடம் நானே பேசி, எது வந்தாலும் உடனே சொல்லுங்கள் என்றேன். வேறு இரண்டு பெயரில் வந்து பார்த்தான். இரண்டையும் எங்களிடம் காட்டிவிட்டு அவளே பிளாக் செய்தாள். குரூப்புக்கு எதுவும் வரவில்லை. அவன் யாரென்று இன்னும் தெரியாது.

பயம் போனதும் ரீல்ஸும் போய்விட்டது என்று சொன்னால் பொய். அதற்குத் தனியாகச் சண்டை போட்டோம். இப்போது ராத்திரி எட்டு மணிக்கு மூன்று போனும் சாப்பாட்டு மேஜையில் சார்ஜுக்குப் போகும், என்னுடையதும் சேர்த்துத்தான். முதல் வாரம் இரண்டு தடவை மாட்டிக்கொண்டது நான். பூஜை அலமாரியில் இப்போது சுவாமி மட்டும் இருக்கிறார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அடுப்பில் ரசம். என் போனில் தெரியாத நம்பர். எடுத்தால் ஒரு பெண் குழந்தை, குரல் நடுங்குகிறது. என் பெண்ணின் வகுப்புத் தோழியாம்.

"ஆன்ட்டி, ஒரு பிரச்சனை. வீட்ல சொல்ல பயமா இருக்கு. உங்ககிட்ட சொன்னா திட்ட மாட்டீங்கன்னு அவ சொன்னா."

நான் திட்ட மாட்டேனாம். திரும்பிப் பார்த்தேன். என் பெண் சமையலறை வாசலில் நின்றுகொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைத்தேன்.

"திட்ட மாட்டேன், சொல்லும்மா" என்றேன்.