மூன்றாம் தடவை கேட்பது

ரோம் பயணப் புத்தகத்தை எடுத்து மேசை ஓரத்துக்குத் தள்ளினார் ஓர்வில். அங்கே பாரிசும் லண்டனும் ஏற்கனவே கிடந்தன.

“அங்க பைக்குள்ள கையை விட்டுடுவானுங்களாம். என் மச்சினன் பார்த்திருக்கான்.”

“உங்க மச்சினன் ரோமுக்குப் போனதே இல்லையே,” என்றேன்.

“டிவில பார்த்திருக்கான்.”

ஓர்வில் ட்வெய்ட்டுக்கு அப்போது எழுபத்தோரு வயது. எங்கள் ஊர் தானியக் கிடங்கில் முப்பத்தெட்டு வருடம் லாரிகளை எடை போட்டவர். மினசோட்டாவை விட்டு அவர் அதிகபட்சம் போனது நெப்ராஸ்காவுக்கு, அதுவும் ஒரு சாவுக்கு. இரும்புக்கடையை ஒட்டிய பயண அலுவலகத்தில் நான் ஒருத்திதான் வேலை பார்த்தேன். அந்தக் குளிர்காலம் முழுக்கச் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வந்து, தொப்பியைக் கழற்றாமல் என் எதிரே உட்கார்ந்து, ஐரோப்பாவில் ஓர் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தார். மனைவி மார்லிசை ஒரு தடவையாவது கூட்டிப் போக வேண்டும் என்பது அவர் எண்ணம். மார்லிஸ் எங்கள் லூத்தரன் தேவாலயத்தில் நாற்பது வருடமாக ஆர்கன் என்ற குழாய் வாத்தியம் வாசிப்பவர். வலது முழங்கால் சரியில்லை.

முதலில் பெர்கன் என்றுதான் ஆரம்பித்தார். அவர் தாத்தா நார்வேயிலிருந்து கப்பல் ஏறிய ஊர். படத்தைப் பார்த்ததும் வேண்டாம் என்றார். வீடெல்லாம் மலைமேல் இருந்தது. லிஸ்பனும் அப்படியே போயிற்று. லண்டனில் வண்டி எதிர்ப்பக்கம் வரும், மார்லிஸ் தெருவைக் கடக்கும்போது தப்பான பக்கம் பார்த்துவிடுவாள் என்றார். வியன்னாவில் காபி தீர்ந்தால் காசு வாங்காமல் மறுபடி ஊற்றித் தருவார்களா என்று கேட்டார். மாட்டார்கள் என்றேன். வியன்னாவும் ஓரத்துக்குப் போயிற்று. தண்ணீரில் ஐஸ் போடுவார்களா, கழிப்பறைக்குக் காசு கேட்பார்களாமே, தப்பான ரயிலில் ஏறிவிட்டால் யாரிடம் சொல்வது. ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சொன்ன பதிலை அடுத்த வாரம் திரும்பவும் கேட்டார்.

ஓர் ஊரில் விடுதிக்கும் சதுக்கத்துக்கும் எவ்வளவு தூரம் என்று நான் சொன்னால், அதை எங்கள் தெருக்களில் நடந்து பார்ப்பார். தேவாலயத்திலிருந்து கூட்டுறவுக் கடை வரை ஒரு ஊர். நூலகத்திலிருந்து ஏரிக்கரை வரை இன்னொரு ஊர். சில நாள் மார்லிசையும் சும்மா நடக்கலாம் வா என்று கூட்டிப் போனார். எதற்கு என்று சொல்லவில்லை. மார்லிஸ் எங்கே நின்று முழங்காலைப் பிடித்துக்கொள்கிறார் என்று பார்த்துக்கொண்டு வந்து என்னிடம் சொல்வார். ப்ராகை அப்படித்தான் தபால் நிலையத்து முனையில் விட்டோம்.

எங்கள் பக்கத்தில் ஒன்றைக் கொடுத்தால் உடனே வாங்கிக்கொள்வதில்லை. இன்னொரு துண்டு கேக் வைக்கட்டுமா என்றால் வேண்டாம் என்பார்கள். மறுபடி கேட்டாலும் வேண்டாம், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்பார்கள். மூன்றாம் தடவை கேட்கும்போது வருவதுதான் பதில். சரி என்றால் சரி. இல்லை என்றால் அதோடு முடிந்தது, யாரும் அதன் பிறகு கேட்க மாட்டார்கள்.

ஓர்வில் இரண்டு தடவை கேட்டுவிட்டார். ஆகஸ்டில், மக்காச்சோளம் உரிக்கும்போது ஒரு தடவை. அக்டோபரில், காரை நிறுத்திவிட்டு இறங்குமுன் ஒரு தடவை. நமக்கெதுக்கு ஐரோப்பா என்று முதலில் சொன்னார் மார்லிஸ். பூனைக்கு யார் சோறு போடுவது என்றார் இரண்டாவதாக. மிச்சமிருந்த ஒரு தடவையை ஓர்வில் பத்திரமாக வைத்திருந்தார். எந்தக் குறையும் சொல்ல முடியாத இடம் ஒன்று கிடைத்த பிறகுதான் அதை எடுப்பார்.

“கேட்டுடுங்களேன். இடத்தை அப்புறம் ரெண்டு பேருமா முடிவு பண்ணலாம்,” என்று ஜனவரியில் சொன்னேன்.

“வேண்டாம்னுட்டா?”

“சரின்னும் சொல்லலாம்.”

“இப்ப வரைக்கும் அவ வேண்டாம்னு சொல்லலை டார்லா. அது அப்படியே இருக்கட்டும்.”

எனக்கு ஒன்று தெரியும். அதைச் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

நவம்பர் முதல் வாரத்தில் மார்லிஸ் தனியாக வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குப் போடும் நீலச் சட்டை. பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க வேண்டும் என்றார். ஊரில் அதை எடுப்பது நான் மட்டும்தான். வெள்ளைத் திரைக்கு முன்னால் நிற்க வைத்தேன். சிரிக்கக் கூடாது என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று படம் வீணாயிற்று.

“ஓர்வில் ரெண்டு தடவை கேட்டாச்சு. அடுத்த தடவைக்கு நான் தயாரா இருக்க வேண்டாமா?” என்றார்.

நீங்களே சொல்லிவிடலாமே என்றேன். கேட்காமல் எப்படிச் சொல்வது, இதற்காகவே காத்துக்கிடந்தேன் என்று நினைத்துக்கொள்ள மாட்டாரா என்றார். படம் காய்கிற நேரத்தில் சுவரோரம் இருந்த புத்தகங்களைப் புரட்டினார். ஹார்லெம் என்ற ஊர். ஹாலந்தில் இருக்கிறது. அங்கே ஒரு பழைய தேவாலயத்தில் கூரை வரை உயர்ந்த ஆர்கன். அந்தப் பக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

“சொல்லிடாதே டார்லா,” என்றார் போகும்போது.

அன்றிலிருந்து ஒவ்வொரு செவ்வாயும் ஹார்லெம் புத்தகத்தைக் கட்டின் மேலே வைத்தேன். ஓர்வில் அதைத் தூக்கி அடியில் வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். கேள்விப்படாத ஊர் என்று அவருக்குச் சந்தேகம்.

பிப்ரவரி இரண்டாம் செவ்வாயன்று மேசையில் வேறு எதுவும் மிச்சமில்லை. அதைத் திறந்தார். தரை சமம். விடுதியில் லிஃப்ட் உண்டு. விடுதியிலிருந்து தேவாலயம், எங்கள் இரும்புக்கடையிலிருந்து வங்கி வரைக்குமான தூரம். மினியாபொலிசிலிருந்து ஒரே விமானம், பிறகு ஒரே ரயில். எல்லோரும் ஆங்கிலம் பேசுவார்கள். ஆர்கன் படத்துக்கு வந்ததும் தொப்பியைக் கழற்றினார்.

“இதை ஏன் நீ முதல்லயே காட்டல?”

“காட்டினேன். பதினாலு வாரமா காட்டிக்கிட்டுதான் இருக்கேன்.”

“நாங்க நார்வேக்காரங்க. கொஞ்சம் மெதுவாத்தான் வருவோம்,” என்றார். மே மாதத்துக்கு விமானத்தில் இரண்டு இடம் பிடித்து வைக்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டில் சாப்பிடும்போது கேட்கப் போவதாகச் சொன்னார். புத்தகத்தைக் கோட்டுக்குள் வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை பிற்பகல் மார்லிஸ் மறுநாளைக்கான பாடல்களை வாசித்துப் பார்க்கத் தேவாலயத்துக்குப் போயிருந்தார். ஒரே சுரம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறதே என்று பாதிரியார் உள்ளே வந்து பார்த்திருக்கிறார். மார்லிஸ் ஆர்கன் கட்டைகளின் மேல் சாய்ந்து கிடந்தாராம். மூளையில் ரத்தக் கசிவு. வலப்பக்கம் முழுவதும் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது.

ஊர்ப் பெண்கள் முறை வைத்து ஓர்வில் வீட்டுக்குச் சாப்பாடு அனுப்பினோம். நான் உருளைக்கிழங்கும் இறைச்சியும் போட்டு அடுப்பில் வேகவைத்து, திரும்பி வருவதற்காக அடியில் என் பெயர் ஒட்டிய கண்ணாடிப் பாத்திரத்தோடு கொடுத்துவிட்டு வந்தேன். கதவில் நின்று வாங்கிக்கொண்டார்.

அடுத்த செவ்வாய் பத்து மணிக்கு வந்தார். எதிரே உட்கார்ந்தார். கோட்டிலிருந்து ஹார்லெம் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். அதன் மேல் ஒரு பாஸ்போர்ட்டை வைத்தார்.

“பாதிரியார் அவ பாட்டுப் புத்தகப் பையைக் கொண்டுவந்து குடுத்தார். அதுக்குள்ள இருந்தது.”

நான் அதைத் தொடவில்லை.

“டிசம்பர்ல குடுத்ததா போட்டிருக்கு. படம் நீதானே எடுத்தே?”

“ஆமா.”

“சொல்லாதேன்னாளா?”

“ஆமா.”

அவர் பாஸ்போர்ட்டைத் திறந்து படத்தைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த முகம்.

“அப்ப நீ சொல்லியிருக்க முடியாதுதான்,” என்றார்.

என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். காபி வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். மறுபடி கேட்டேன். வேண்டாம் என்றார். மூன்றாம் தடவை கேட்க எனக்கு வாய் வரவில்லை.

“நேத்து ஆஸ்பத்திரில கேட்டுட்டேன். மே மாசம், ஹார்லெம்னு ஒரு ஊரு, பெரிய ஆர்கன் இருக்கு, போலாமான்னு. இடது பக்கம் இருந்து கேட்டேன், அந்தப் பக்கம்தான் அவளுக்குக் கண்ணு தெரியுதாம்.”

“என்ன சொன்னாங்க?”

“கண்ணை மூடினா. அப்புறம் திறந்தா.” சாலையைப் பார்த்தார். “அது என்ன பதில்னு எனக்குத் தெரியல.”

புத்தகத்தை என்னிடம் தள்ளினார். பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் புதன்கிழமை. காலையில் பூஜ்ஜியத்துக்குக் கீழே பத்து டிகிரி. மே மாதத்து இடங்கள் இரண்டையும் விட்டுவிடச் சொல்லி விமான நிறுவனத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். நாலு நிமிடம் ஆயிற்று. ஹார்லெம் புத்தகத்தை அலமாரியில் ஹாலந்துக்கான இடத்தில் வைத்தேன். பதினொரு மணிக்கு ஒரு தம்பதி வந்து ஃப்ளோரிடாவுக்கு டிக்கெட் பதிவு செய்துகொண்டு போனார்கள். மதியம் சாப்பிடப் போகக் கதவைத் திறந்தபோது என் கண்ணாடிப் பாத்திரம் படியில் இருந்தது. ஓர்வில் கழுவித் துடைத்து வைத்துவிட்டுப் போயிருந்தார். என் பெயர் எழுதிய காகித நாடா அப்படியே அடியில் ஒட்டியிருந்தது.