மூன்றாவது கொட்டாயின் காற்று

மல்லசமுத்திரம் மோகனப்பிரியா ஒரு வருசமாக நல்ல பிள்ளையாகவே நடந்துகொண்டாள். பேராசிரியர் அருணகிரியை எங்கே பார்த்தாலும் கும்பிட்டாள். வயிறு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

எரியாமல் என்ன செய்யும்? தூரத்துக் கோள்களின் காற்றில் உள்ள வாயுக்கள் எந்த ஒளியை எவ்வளவு விழுங்கும் என்று கணக்கிடும் மென்பொருளை மூன்று வருசம் உட்கார்ந்து எழுதியவள் அவள். வழிகாட்டி என்று நம்பி அவரிடம் கொடுத்தாள். அந்த மனுசன் அவள் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரில் வெளியிட்டார். போய்க் கேட்டதற்கு, "கோழிப்பண்ணைக்காரர் மகளுக்குக் கோள் எதுக்கும்மா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை மறக்கிற ஆள் இல்லை அவள்.

அந்த மென்பொருளை ஓட்டினால், முதலில் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். நிஜமாக அளந்த ஒரு காற்றோடு தன் கணக்கை ஒப்பிட்டுப் பார்க்கும். அந்தக் காற்றை எங்கே அளந்தாள் என்று மோகனப்பிரியா அதில் எழுதவில்லை. கோழிக்கொட்டாய் என்று எழுதினால் சிரிப்பார்களே என்ற கூச்சம்தான் காரணம். அருணகிரியோ பெயரை மாற்றினாரே தவிர, உள்ளே எதையும் படிக்கவில்லை.

நாமக்கல்லில் கருத்தரங்கு நடந்தது. அப்பா ராசுவைச் சலவை வேட்டி கட்டவைத்து முன்வரிசையில் உட்காரவைத்தாள். அருணகிரி மென்பொருளை ஓட்டிக் காட்டினார். திரையில் சோதனை எண்கள் வந்தன: அம்மோனியா, முப்பத்தெட்டு டிகிரி. மோகனப்பிரியா எழுந்தாள்.

"ஏனுங்க சார், இந்தக் காத்தை எங்க அளந்ததுங்க?"

"வெளிநாட்டு ஆய்வகத்துலம்மா."

இந்தப் பொய்க்குத்தான் காத்திருந்தாள். உடம்பெல்லாம் இனித்தது.

"எங்க பண்ணையிலீங்க சார். மூணாவது கொட்டாய், சித்திரை ஒம்பது, மத்தியானம் ரெண்டு மணி. திரையில இருக்கிற எண்ணெல்லாம் அன்னிக்கு எழுதுன இந்த நோட்டுல இருக்குது. அளக்கிற கருவியை வூட்டுக்குக் கொண்டுபோக நீங்க போட்டுக் குடுத்த கையெழுத்தும் இருக்குதுங்க."

ராசுவும் எழுந்துவிட்டார். "ஆமாங்க. அன்னிக்கு வெயில் தாங்காம நூத்தியிருவது கோழி செத்துச்சுங்க. நான் பொறுக்கிப் போட்டேன், புள்ள அழுதுக்கிட்டே அளந்துச்சு."

அருணகிரி மைக்கை அணைத்தார். ஒருவரும் கை தட்டவில்லை.

அவள் வெளியே வந்தபோது அருணகிரி வாசலில் ஓடிவந்து மறித்தார். "உன் பேரையும் சேர்த்துடறேம்மா."

"சேக்க வேண்டாங்க சார்," என்றாள் மோகனப்பிரியா. இந்தமுறை கும்பிடவில்லை. "உங்க பேரை எடுத்துடுங்க."