வாப்பாவின் தனித்தட்டு

எங்கள் வீட்டில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவதென்றால் சஹன்தான். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கைவைத்துச் சாப்பிடும் அகலமான தாம்பாளம் அது. பேராவூரணியைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் வந்துவிட்டால் முஸ்லிம் வீடுகளில் கல்யாணச் சாப்பாடும் பெருநாள் சாப்பாடும் அதில்தான். வாப்பா ஊரில் இருந்தால் எங்களுக்குச் சாதாரண நாளும் பெருநாள்தான். அவர் வளைகுடாவில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை பார்த்தார். தென்னந்தோப்பு புயலில் விழுந்த பிறகு ராத்தாவின் கல்யாணத்துக்காக மறுபடியும் பயணம் போனவர். அக்காவை நாங்கள் ராத்தா என்போம். லீவில் வந்த அன்றைக்கு வாப்பா, உம்மா, ராத்தா, நான் நால்வரும் ஒரே சஹனில் உட்காருவோம். ஊர்க்கதை பேசிக்கொண்டே அவர் நல்ல கறித்துண்டுகளை ஒற்றை விரலால் என் பக்கம் நகர்த்துவார். ராத்தா முறைப்பாள். நான் ஒன்றும் அறியாதவள்போல் மென்றுகொண்டிருப்பேன்.

கொரோனா வந்த வருடம் எனக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடம் உம்மாவின் செல்போனுக்குள் போய்விட்டது. தெருவில் ஆளாளுக்கு ஒரு பயம். பக்கத்து வீட்டு மாமி கத்தரிக்காயைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். குழம்பில் சோப்பு வாசனை அடித்ததாக அவள் மகனே வந்து சொல்லிவிட்டுப் போனான். உம்மாவின் தம்பியான என் மாமா நாள் முழுக்கச் செய்தி பார்ப்பார். நடுநடுவே மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். மூச்சுப் பிடிக்க முடிந்தால் நோய் இல்லை என்று வாட்சப்பில் வந்திருந்ததாம். முகம் சிவக்க அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நானும் ராத்தாவும் சமையற்கட்டுக்கு ஓடிப்போய்ச் சிரிப்போம்.

விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கியதும் வாப்பா வந்தார். திருச்சியில் இறக்கி, ஒரு கல்லூரி விடுதியில் தங்கவைத்து, பரிசோதனை செய்து, ஒன்றுமில்லை என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். இருந்தாலும் வாசல் கதவில் தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளப் பார்த்தேன். வாப்பா பெட்டியை எங்கள் இருவருக்கும் நடுவில் இறக்கி வைத்தார். "கிட்ட வராதம்மா. கொஞ்ச நாள்தான்" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்க அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கொஞ்ச நாள் முடிந்தது. ஸ்டிக்கர் மழையில் ஊறி உரிந்து விழுந்தது. வாப்பா கொல்லையைத் தாண்டி வெளியே வரவில்லை. அவருக்கென்று ஓர் எவர்சில்வர் தட்டு, ஒரு டம்ளர். உம்மா சோற்றைக் கதவடியில் வைத்துவிட்டு வருவாள். அவர் எடுத்துச் சாப்பிட்டு, குழாயடியில் தானே தேய்த்து, வெயிலில் கவிழ்த்து வைப்பார். உள்ளே போனவர் திரும்பி வந்து அதே தட்டை மறுபடி தேய்ப்பார். பாதிச் சோறு கோழிகளுக்குத்தான் போனது. சட்டை தோளில் தொங்கத் தொடங்கியது. வாய்க்கால் கரைவரை ஒரு நடை போய்விட்டு வரும்படி உம்மா கெஞ்சினால், நாளைக்குப் பார்க்கலாம் என்று கதவுக்குள்ளிருந்து பதில் வரும்.

எனக்கு வந்தது கவலையல்ல, கோபம். வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவருக்கு எங்கள் கைகள் அழுக்காகத் தெரிகின்றன என்று முடிவு கட்டிவிட்டேன். உம்மாவிடம் நேராகவே கேட்டேன்.

"நம்மகூட சாப்பிட வாப்பாவுக்கு அருவருப்பா இருக்கா உம்மா?"

"சும்மா கெட" என்றாள் உம்மா. அதட்டுகிறவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அதட்டியதால் என் சந்தேகம் உறுதியாகிவிட்டது.

ராத்தாவின் நிக்காஹ் ஏற்கனவே ஒருமுறை தள்ளிப்போயிருந்தது. சம்பா நடவு முடிந்த சமயத்தில், இனியும் தள்ளவேண்டாம், வீட்டோடு முடித்துக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பினார்கள். வருகிறவர்களுக்குப் பொட்டலச் சோறு. ஒரே ஒரு சஹன் மட்டும் உண்டு. நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளை, அவருடைய வாப்பா, பெண்ணின் வாப்பா மூவரும் ஒரே சஹனில் கைவைத்துச் சாப்பிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெண்ணைப் பெற்றவர் கைவைக்காவிட்டால் சம்பந்தத்தில் அவருக்கு விருப்பமில்லை என்று அர்த்தம். அப்படி முறிந்துபோன கல்யாணம் ஒன்றைப் பற்றி எங்கள் தெருவில் இன்னும் பேசுவார்கள்.

உம்மா சாத்திய கதவுக்கு முன்னால் நின்று சொன்னாள். "வயிறாரச் சாப்பிட வேணாங்க. ஒரு வாய். கையை வச்சாப் போதும். புள்ள வாழ்க்கைங்க."

உள்ளே அவர் அங்குமிங்கும் நடக்கும் சத்தம் கேட்டது. பிறகு "வர்றேன்" என்றார்.

நிக்காஹ் அன்றைக்குச் சொன்னபடி வந்தார். முகக்கவசத்தோடு ஓரமாக உட்கார்ந்து, கேட்ட இடத்தில் சம்மதம் சொல்லி, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. விரிப்பின் நடுவே நெய்ச்சோறும் கறியுமாக சஹன் வந்து இறங்கியது. மாப்பிள்ளையும் அவருடைய வாப்பாவும் பிஸ்மி சொல்லிக் கைவைத்தார்கள். என் வாப்பா முகக்கவசத்தைக் கழற்றினார். அவருடைய கை சோற்றுக்கு மேலே வந்து நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. நெற்றி வியர்த்து, ஏதோ ஓடிவந்தவர்போல் மூச்சு வாங்கினார். பின்னாலிருந்து மாமா, "வைங்க மச்சான், எல்லாரும் பாக்குறாங்க" என்று முணுமுணுத்தார். கதவுக்குப் பின்னால் ராத்தா உம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. கொல்லைக்கு ஓடினேன். கவிழ்ந்திருந்த அவருடைய தட்டை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன்.

"இதுல சாப்பிடுங்க வாப்பா. நீங்க எப்பவும் இதுலதானே சாப்பிடுவீங்க."

என் கெட்டிக்காரத்தனத்துக்குப் பாராட்டு வரும் என்று நிமிர்ந்து பார்த்தேன். மாப்பிள்ளை சஹனிலிருந்து கையை எடுத்துவிட்டார். வாசலில் நின்ற அவர்கள் வீட்டு ஆள் ஒருவர், "தனித்தட்டு வச்சிருக்காங்களா? அப்ப அவருக்கு இன்னும் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே முற்றத்துக்கு இறங்கினார். இன்னும் இரண்டு பேர் அவர் பின்னால் போனார்கள். "டெஸ்ட்ல ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க, அல்லா சத்தியமா" என்று உம்மா கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. ராத்தா அழத் தொடங்கினாள்.

மாப்பிள்ளையின் வாப்பா மட்டும் கையை எடுக்கவில்லை. இளமையில் அவரும் பயணம் போய், அறைக்குப் பத்துப் பேர் என்று கிடந்து வந்தவர். என் வாப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெல்லக் கேட்டார்.

"ரூம்ல யாரு மௌத்தாப் போனது?"

வாப்பாவின் கை இறங்கி மடியில் விழுந்தது.

"ஒரு தம்பி. நம்ம பக்கத்துப் புள்ளதான். நிக்காஹ்வுக்கு நாள் குறிச்சிருந்துச்சு." முன்னாலிருந்த தட்டை ஓரமாக நகர்த்தினார். "எனக்குத்தான் மொதல்ல காய்ச்சல் வந்துச்சு சம்பந்தி. சாதாக் காய்ச்சல்னு நெனச்சேன். நோன்பு தொறக்க எல்லாரும் ஒரே சஹன்லதான் உக்காந்தோம். அவன் என் பக்கத்துல. எனக்கு ரெண்டு மூணு நாள்ல எறங்கிடுச்சு. அவனைத் தூக்கிட்டுப் போனாங்க. மூஞ்சியக்கூட காட்டாம அடக்கம் பண்ணிட்டாங்க."

"உங்ககிட்டேருந்துதான் வந்துச்சுன்னு யாரு கண்டா?"

"யாரு இல்லேன்னு சொல்லுவா?" என்றார் வாப்பா.

இவ்வளவு பேச்சில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். வாப்பாவுக்கு நோய் வந்தது, வந்த வேகத்தில் போயும்விட்டது. எங்கள்மேல் அருவருப்பும் இல்லை, அவர் உடம்பில் நோயும் இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முற்றத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னேன்.

"அதான் உங்களுக்குச் சரியாப் போச்சுல்ல வாப்பா! அப்புறம் என்ன?"

வாப்பா என்னைப் பார்த்தார். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு, கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேர் முன்னாலும் வாய்விட்டு அழுதார்.

அவர் அன்று கடைசிவரை கைவைக்கவில்லை. சம்பந்தி தன் மகனைப் பார்த்து, "நீ சாப்பிடுப்பா. இந்தக் கல்யாணத்துல ஒரு கொறையும் இல்லை" என்றார். மாப்பிள்ளை மறுபடி சோற்றில் கைவைத்தார். முற்றத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராக ஏறி வந்தார்கள். அதற்கடுத்த வாரம் சம்பந்தியே கார் பிடித்து வாப்பாவைத் தஞ்சாவூரில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார். கேட்பவர்களிடம் சர்க்கரைக்குப் பார்க்கப் போனதாகச் சொல்லச் சொன்னார்கள். நானும் அப்படியே சொன்னேன். மாத்திரை, பேச்சு, மறுபடி மாத்திரை என்று பல மாதங்கள் போயின. அவர் எங்களோடு வந்து உட்காரும்போது ராத்தா பிள்ளை பெற்றிருந்தாள்.

நல்ல செய்தியை நாலு பேர் அறியச் சொன்ன என்னைப் பார்த்துவிட்டு ஏன் அப்படி அழுதார் என்று எனக்கு அன்றைக்கு வருத்தமாகக்கூட இருந்தது. தான் பிழைத்துக்கொண்டதைத்தான் அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை என்பது பதினொரு வயதில் எனக்கு எப்படித் தெரியும்.