சிப்பிமாலை போட்ட பிள்ளை

சண்டை ஓய்ந்து மூன்று வருடம். ஆலங்குடாக் கரையில் ஹோட்டலுக்கு அத்திவாரம் வெட்டப் போய், ஆதிமனிதர் தின்று போட்ட சிப்பிக் குவியல் ஒன்று வெளிப்பட்டது. மண் அரிக்க ஆள் தேவை என்று தொல்லியல் துறை சொன்னதும் குறிஞ்சிப்பிட்டியிலிருந்து முதல் ஆளாக வந்து நின்றவள் உம்மு குல்சூம். ஐம்பது வயதில், முழங்கால் வலியோடு. கூலிக்குத்தான் என்று ஊர் நினைத்தது. ஊருக்கென்ன, எதையாவது நினைக்கும்! அவள் வந்தது தன் பிள்ளையைத் தேடி.

தொண்ணூறாம் ஆண்டு எருக்கலம்பிட்டியிலிருந்து முஸ்லிம் சனம் எல்லாரையும் இயக்கம் துரத்தியபோது, கல்பிட்டிக்கு வந்த வள்ளத்தில் அவள் மடியில் மூன்று மாதக் குழந்தை றிஃப்னா. காய்ச்சல். நடுக்கடலில் மௌத்தாகிவிட்டது. இந்தக் கரையில் இறங்கியதும் கணவன் மக்பூலும் நாலு ஆண்களும் பிள்ளையைத் தூக்கிப் போய் அடக்கினார்கள். அடக்கத்துக்குப் பெண்கள் போவதில்லை. அவள் நனைந்த சேலையோடு வள்ளத்தடியில் கிடந்தாள். அடையாளத்துக்கு நட்ட துடுப்பை விடியவே வள்ளக்காரர் பிடுங்கிக்கொண்டு போனார். மற்றச் சனத்தை ஏற்றி வர வேண்டுமே, அந்த மனிதரைக் குறை சொல்ல முடியுமா?

மக்பூல் ஒரேயொரு தடவை, "தாழைக்குப் பக்கத்தில" என்றார். மேலே கேட்டால் அழுதார். அவளும் கேட்பதை விட்டாள். பத்து வருடத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார். தாழை இல்லாத கரையா இது!

அவள் ஒவ்வொரு பிடி மண்ணையும் விரலால் தடவித்தான் அரிதட்டில் போடுவாள். வேலையாட்களுக்குப் பொறுப்பான ஹாசிம் சிரிப்பான். "என்ன ராத்தா, தங்கக் குடமா தேடுறீங்க?"

பத்தொன்பதாம் நாள் குழிக்குள்ளிருந்து, "சின்னப் பிள்ளைட எலும்பு!" என்று சத்தம் வந்தது. குல்சூம் அரிதட்டைப் போட்டுவிட்டு ஓடினாள். யா அல்லாஹ், அந்த முழங்காலுக்கு அன்றைக்கு எங்கிருந்து பலம் வந்ததோ! விளிம்பில் குந்தி எட்டிப் பார்த்தாள். ஒருக்களித்துப் படுத்த சின்னஞ்சிறு உடம்பு. தாடையில் அரிசி போல இரண்டு பல்.

றிஃப்னாவுக்குப் பல் முளைக்கவில்லை.

குல்சூம் அப்படியே மண்ணில் இருந்துவிட்டாள்.

தொல்லியல் அதிகாரி யூஜீனியா சிலாபத்துப் பெண். எலும்பைத் தூரிகையால் துடைத்தபடி சொன்னாள்: "பாருங்க உம்மா, கழுத்தில சிப்பிமாலை. மேல செம்மண் பூசியிருக்கிறாங்க. இந்தச் சனத்துக்கு நெல்லும் தெரியாது, சட்டிபானையும் தெரியாது. ஆனா பிள்ளைய எப்பிடிப் படுக்க வைச்சிருக்கிறாங்க! மனிசர் மனிசரானதுக்கு இதையும் ஒரு அடையாளம் எண்டு சொல்லுவம்."

"தாய் கிட்ட இருந்திருப்பாளா, மிஸ்?"

"இருந்திருப்பா எண்டுதான் நான் நினைக்கிறன்."

"குடுத்து வைச்சவ," என்றாள் குல்சூம். ஆயிரமாயிரம் வருடத்துக்கு முன் செத்துப்போன ஒருத்தி மேல் அவளுக்குப் பொறாமையாக இருந்தது. வெட்கம் கெட்ட பொறாமை.

எலும்புகளைப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைத்து, கொழும்புக்கு ஜீப்பில் ஏற்றினார்கள். குழியை மூடச் சொல்லி உத்தரவு. ஹாசிம் மண்வெட்டியை ஓங்கியபோது குல்சூம் அவன் கையைப் பிடித்தாள்.

"கொஞ்சம் பொறு தம்பி. முதல்ல நான் போடுறன்."

"வெறுங்குழி ராத்தா. பிள்ளையத்தான் கொண்டு போயிட்டாங்களே."

"எனக்கு நிறைஞ்ச குழிய ஆரும் காட்டல்லையே! என்ட பிள்ளைக்கு ஒருபிடி மண் நான் போடல்ல. இந்தக் குழியாவது எனக்குத் தாங்க."

ஹாசிம் சட்டைப்பையில் கிடந்த தொப்பியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு ஒதுங்கி நின்றான். அவள் குனிந்து ஒரு பிடி போட்டாள். வாய் ஓதியது. இரண்டாவது பிடியும் போட்டாள். மூன்றாவது, கடைசிப் பிடியை அள்ளியவள் கையை நீட்டியபடியே நின்றாள்.

நேரம் போனது. "மண்ண விடுங்க ராத்தா," என்றான் ஹாசிம் மெல்ல.

"விட்டா அவ மௌத்தாப் போயிடுவாளே தம்பி," என்றாள் குல்சூம்.